மாமனார் வாங்கிய பூட்டு மூடி

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை யாரும் திருடன் என்று சொல்லிவிட மாட்டார்கள். அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. வாங்க, உட்காருங்க, காபி குடிங்க என்பார்கள். அப்புறம் அவர் கை படுகிற பொருளுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடுவார்கள். என் மாமனார் தம்முடைய மொபெட்டின் பெட்ரோல் டேங்குக்குப் போட்டார்.

கொரோனாவில் திருப்பூர் பனியன் கம்பெனி வேலை போனதும், மனைவியையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு சாக்கோட்டைக்கு அப்பால் இருக்கும் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் இரண்டு வருஷம் இருந்தேன். காரைக்குடியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை கிடைத்தது. போய்வர மாமா தம் வண்டியைக் கொடுத்தார். விடியற்காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்து எனக்காக வாசலில் நிறுத்திவைப்பார். நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. மாமாவிடம் ஓர் ஈர்க்குச்சி உண்டு. டேங்குக்குள் விட்டு எடுத்து, ஈரம் காய்வதற்குள் நகத்தால் கிள்ளி அடையாளம் வைப்பார். வயலுக்கு மட்டும் ஓடிய வண்டி காரைக்குடிக்கும் ஓடினால் கூடக் குடிக்கும் என்று அவருக்கும் தெரியும். எவ்வளவு கூட என்பதில்தான் அவருடைய ஈர்க்குச்சிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவிலிருந்து வந்தவர், பழைய மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளவென்று ஒரு பூட்டு மூடியை மாட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"ஊர்ல களவாணிப் பயலுக பெருத்துப் போனாய்ங்க மாப்ளெ. இனிமே பெட்ரோல் போடுறத நான் பாத்துக்கிறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அந்தத் தெருவில் அதுவரை யார் வண்டியிலும் பெட்ரோல் திருடு போனதில்லை. நான் தலையை ஆட்டினேன். அத்தை உள்ளே இருந்து இன்னொரு காபி கொண்டுவந்தார். சம்பளம் குறைவு, சொந்தமாகக் கூரை இல்லை, ஆனால் யோக்கியன் என்ற பெயர் ஒன்று என்னிடம் இருந்தது. அதுவும் போய்விட்டால் என் மனைவி முன்னால் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பயம்.

அடுத்த வாரமே காரைக்குடியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுபோனது. உருட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனேன். பெட்ரோல் போடுகிற பெண் சாவி கேட்டாள். மாமனாரிடம் இருக்கிறது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற வண்டியைக் கூப்பிட்டாள். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போய், சாவி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பூட்டு வந்தும் பெட்ரோல் குறைவது நிற்கவில்லை, முன்னைவிட அதிகமானது. காரணம் எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. கண்மாய்க்கரைப் பாதையில் குலுங்கிப் போகும்போது புது மூடியின் ஓரத்தில் பெட்ரோல் கசிந்தது. டேங்க் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருக்கிற வண்டி அது. மாமா நிரப்பிக் கொடுக்கும் நாட்களில் வீடு வந்து சேர்வதற்குள் பேன்ட் நனைந்திருக்கும். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நானோ கள்ளையே மேலே ஊற்றிக்கொண்டு வந்து நின்றேன்.

துவைக்கிற கல்லருகே என் பேன்ட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன இது பெட்ரோல் வாடை என்று மனைவி கேட்டாள். மூடி ஒழுகுகிறது என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு சோப்புப் போட்டாள். அந்த 'ம்' நம்பிக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன். பத்துப் பதினைந்து வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம், வண்டியைக் காட்டியிருக்கலாம். மனைவியிடம் போய் நான் திருடவில்லை என்று எதற்கு நிரூபிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமா கேட்டார்.

"ஏன் மாப்ளெ, இந்த மாதிரி மூடிக்குச் சாவி ரெண்டுதான் குடுப்பாய்ங்களா, மூணு குடுப்பாய்ங்களா?"

ஒன்று அவர் இடுப்பில் இருந்தது, ஒன்று பீரோவில் இருந்தது. மூன்றாவது சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது என்று அவர் மனசுக்குள் முடிவாகிவிட்டது. மூடி சரியாக உட்காரவில்லை மாமா, ஒழுகுகிறது, சாவி கொடுத்தால் நானே சரிசெய்கிறேன் என்றேன். புது மூடிதானே என்றார். அப்புறம் அரைஞாணில் இருந்து சாவியை அவிழ்த்து அவரே திறந்து கொடுத்தார். நான் வேலையை முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துப் பக்கத்திலேயே நின்றார்.

மூடியின் அடியில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. மெலிசாக, காய்ந்த தோல் மாதிரி விறைத்துப் போயிருந்தது. பூட்டிய பிறகும் கட்டைவிரலால் அழுத்தினால் மூடி ஆடியது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக்கிப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பெட்ரோலில் ஊறிய டியூப் ரப்பர், டீயில் போட்ட ரொட்டி மாதிரி உப்பிக்கொண்டது. சாவி திரும்பவில்லை. மாமா வியர்க்க வியர்க்கத் திருகிப் பார்த்துவிட்டு, நல்ல வேலை பார்த்தீக மாப்ளெ என்றார்.

மாமாவிடம் சாவி வாங்கிக்கொண்டு காரைக்குடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்து, உள்ளே இருந்ததைப் பார்த்துச் சிரித்தார். பெட்ரோலுக்கென்று தனி ரப்பர் இருக்கிறது, டியூப் ஆகாது என்று சொல்லி ஒரு வாஷரை எடுத்துக் கொடுத்தார். டேங்கின் கழுத்தைப் பிடிக்கிற, மூடியின் இரண்டு தகட்டுக் காதுகளையும் குறட்டால் சற்றே உள்பக்கம் வளைக்கச் சொன்னார், அப்போதுதான் இழுத்துப் பிடிக்குமாம். காற்றுப் போகிற சின்ன ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதே, வண்டி நின்றுவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவின் கண்முன்னாலேயே எல்லாம் செய்தேன். பூட்டிவிட்டு வண்டியைச் சாய்த்துக் காட்டினேன், குலுக்கிக் காட்டினேன். ஒரு சொட்டு வரவில்லை. மனைவியும் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மூடியைத் துணியால் துடைத்துவிட்டுச் சாவியை மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மாதம், ஒவ்வொரு ஞாயிறும் அவர் ஈர்க்குச்சியை எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடிய ஓட்டத்துக்கு மேல் பெட்ரோல் குறையவில்லை. மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் மாமனார் மன்னிப்புக் கேட்டால் ஊர் தாங்காது. மூடிதான் ஒழுகியிருக்கிறது என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்காக வெட்கம் கெட்டுக் காத்திருந்தேன்.

ஒரு நாள் காலை நான் கிளம்பும்போது மாமா வாசலுக்கு வந்தார். இரண்டு சாவிகளையும் என் கையில் வைத்தார்.

"இனிமே நீங்களே வச்சுக்கங்க."

அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அதுவே நிறைந்துவிட்டது. கண்மாய்க்கரையில் தனியாகப் போகும்போது சத்தம்போட்டுப் பாடிக்கொண்டு போனேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சாயங்காலம் வந்ததும் வராததுமாக மனைவியிடம் சாவியைக் காட்டினேன். மகளுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள்.

"நாந்தேன் அப்பாட்டச் சொன்னேன். ஒரு மாசமாத் தொடலையே, திருந்தினவுகள இன்னமும் பூட்டியே வைக்கலாமான்னு கேட்டேன். சரின்னுட்டாக."

நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் மகளுக்குப் பின்னலைப் போட்டு முடித்தாள்.

யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. வாஷர், குறடு, வளைத்த காது எல்லாவற்றையும் அவள் நின்று பார்த்தாள். மூடி ஒழுகியது என்பதை ஒரு நாளும் நம்பவில்லை. மானம் போகாமல் திருட்டை விடுவதற்கு நான் ஒரு வழி செய்துகொண்டதாக நினைத்து, அதற்காக என்மேல் பிரியம்கூடக் கூடியிருக்கிறது. நான் ஒழுங்காகச் சரிசெய்த ஒரு மூடிதான் என் திருட்டுக்குச் சாட்சி ஆகிவிட்டது. மாமா நினைத்ததை விட்டுத் தள்ளலாம், பெண்ணைக் கொடுத்தவர் சந்தேகப்படத்தான் செய்வார். இவள் திருடன் என்று நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், பெட்ரோல் வாடையைக் கசக்கிக் கசக்கி அலசியிருக்கிறாள், என் பக்கம் நின்று பேசியும் இருக்கிறாள்.

இப்போது காரைக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்தமாக ஒரு பைக் வாங்கிவிட்டேன். நான் எடுக்கவில்லை என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாய் வரை வந்திருக்கிறது. சொன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப அன்பாக, "அதான் விட்டுட்டீகளே, இப்ப எதுக்கு அது" என்பாள்.