அண்ணன் கெடுத்துத் திருத்திய பள்ளிக்கூடச் சுவர்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அண்ணி என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். “ஆயுசுக்கும் அவருகூட சண்ட போட்டவ நீதான். நீயே எழுது” என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராதது உறவினர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நெம்மேலிக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டி உள்ளே போனால் வரும் சின்னக் குடியிருப்பில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை எடுத்தும் எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். நான் அண்ணனுக்கு ஏழு வருடம் இளையவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் ஒன்பதாம் வகுப்போடு புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு பெயிண்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கூடுவாஞ்சேரியில் மனைக்கு மனை வீடு எழும்பிய காலம் அது. இருட்டோடு பஸ் ஏறிப் போய், மூக்கு நுனியில் டிஸ்டம்பரோடு திரும்பி வருவார். நான் பட்டம் வாங்கியதும், தாலுகா ஆபீஸில் எழுத்தராக உட்கார்ந்ததும் அந்தக் கை போட்ட சோற்றால்தான்.

பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் காண்ட்ராக்டராக அவர் வளர்ந்த பிறகும் சுவர்ப் பைத்தியம் தீரவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் நாமெல்லாம் பந்தி எப்போது என்று பார்ப்போம். அண்ணன் சுவரைத் தட்டிப் பார்ப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்குப் போனபோது, பெரியவர்கள் உத்தியோகம், குடும்பம் என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் கூடத்துச் சுவரை நகத்தால் சுரண்டிவிட்டு வந்து, “கீழ கொஞ்சம் ஓதம் கீது. ஆனா அப்பப்ப பாத்து வெச்சிக்கிறாங்க. பொண்ணு குடுக்கலாம்” என்று தீர்ப்புச் சொன்னார். என் வீட்டுக்காரர் இன்றுவரை எங்கள் சண்டைகளில் அந்தத் தீர்ப்பைச் சொல்லிக் காட்டுவார்.

இனி, உறவில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை எழுதப்போகிறேன். அண்ணி சம்மதம் கொடுத்திருக்கிறார்.

செங்கல்பட்டில் பழைய பெண்கள் பள்ளி ஒன்று உண்டு. பெயர் வேண்டாம், நம் வீட்டுப் பெண்கள் பலர் படித்த இடம்தான். வெள்ளைக்காரர் காலத்தில் எழுப்பியது. சாலையைப் பார்த்த முகப்பு முழுவதும் பூசாத செங்கல், செங்கல்லுக்கு இடையே சுண்ணாம்புக் காரை, மாடியில் வரிசையாக வளைவுகள். காலப்போக்கில் பாசியும் பஸ் புகையும் படிந்து கறுத்துக் கிடந்தது. ஆண்டு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், பதினைந்து நாளில் முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நிர்வாகம் அண்ணனைக் கூப்பிட்டது. நம் ஊரில் விழா என்றால் முகத்துக்குப் பவுடர் போடுவதுதானே முதல் வேலை? அண்ணனும் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, சாரம் கட்டி, முகப்பு முழுக்கத் தேய்த்தார்கள். தொட்ட இடமெல்லாம் நுரைத்தது. நுரைப்பது அழுக்கில்லை, கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுண்ணாம்பு என்று அப்போது அவருக்குத் தெரியாது. காரை விட்ட இடங்களில் சிமெண்டை வைத்து அடைத்தார். விழா நாளில் கட்டடம் சிவக்கச் சிவக்க நின்றது. அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மா அதை மடித்து பீரோவில் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

நாலு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போன அண்ணன், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே நுழைந்திருக்கிறார். பள்ளியின் ஆயா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டே அவரைப் பிடித்துக்கொண்டார். “தெனம் ஒரு மொறம் செங்கத்தூளு வாரிக்கினு கீறேன் நைனா. செவுரு தானா உதுருது. வயசாயிடுச்சாம், இடிக்கப் போறாங்களாம்” என்றாராம். விசாரித்தால், விஷயம் உண்மை. முகப்பை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்துப் புதிதாகக் கட்டலாம் என்று நிர்வாகம் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வைத்த டீயைத் தொடவில்லை.

“செங்கல்லுக்கு வயசாவல தங்கச்சி. நான்தான் கெடுத்துட்டேன்” என்றார். “பின்பக்கம் போய்ப் பாத்தேன். அதே கல்லு, அதே வயசு. அங்க நான் ஆசிட் போடல. கட்டுனப்ப எப்டி இருந்துச்சோ அப்டியே கீது.”

“யாராவது உன்ன கேட்டாங்களா?” என்றேன்.

“கேக்கல.”

“நீ ஆசிட் போட்டன்னு எங்கனா எழுதி வெச்சிருக்காங்களா?”

“இல்ல.”

“அப்ப வாய மூடிக்கினு இரு. இது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் உனக்கு வேல குடுக்க மாட்டான். உன்ன நம்பி பத்து குடும்பம் கீது. இடிச்சா இன்னா இப்ப? புள்ளைங்களுக்குப் புதுக் கட்டடம் கெடைக்கும்.”

“நான் பண்ண தப்புக்கு அது ஏன் இடிபடணும்?”

“உனக்கு இன்னா பைத்தியமா?” என்று கத்தினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சண்டையை நடுவில் விட்டுப் போகிறார் என்றால் முடிவு எடுத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, தடுத்து நிறுத்தத்தான் பள்ளிக்கு ஓடினேன். நான் போவதற்குள் அவர் தலைமை ஆசிரியை அம்மாவின் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அண்ணன் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆசிட், சிமெண்ட், பின்சுவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஜன்னல் கண்ணாடியை உடைச்ச பிள்ளை ஒண்ணுகூட இதுவரைக்கும் தானா வந்து எங்கிட்ட சொன்னதில்லை” என்றார். “எனக்குக் கோபம் வருது. உங்களைத் திட்டவும் மனசு வரலை. சரி, இதை எப்படிச் சரி பண்ணுவீங்க?”

“தெரியாது டீச்சர். தெரிஞ்சிக்கினு வரேன். அதுவரைக்கும் இடிக்க வேணாம்னு மட்டும் சொல்லுங்க.”

அந்த அம்மா நிர்வாகத்திடம் பேசி ஒரு வருடத் தவணை வாங்கினார். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகும் தூள் கொட்டினால் இடிப்பது உறுதி. கொட்டாவிட்டால் முகப்பு பிழைத்தது.

அதன் பிறகு நடந்ததை நான் வெட்கத்தோடு பார்த்தேன். காண்ட்ராக்டர் அண்ணன் சென்னையில் பழைய கட்டடம் ஒன்றைச் சீர்செய்யும் இடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்து கலவை சுமந்தார். கடுக்காய் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைக்கவும், சிமெண்டை நோகாமல் கொத்தி எடுக்கவும் கற்றார். தன்னைவிட வயதில் சிறிய மேஸ்திரிகளிடம் ஏச்சும் வாங்கினார். “ஒரு ஆளு என்னப் பாத்து, பனமரம் மாதிரி நிக்கிறியேன்னு திட்டுனாரு. நல்லா கீது இல்ல?” என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பி வந்தவர் பள்ளியில் கேட்ட முதல் பொருள் காகிதம். ஆசிட் விட்டுப்போன உப்பு செங்கல்லுக்குள் இறங்கி அதை உதிர்த்துக்கொண்டிருந்தது; உள்ளே போன ஈரத்தை வெளியேற விடாமல் சிமெண்ட் அடைத்துக்கொண்டிருந்தது. காகிதத்தை ஊறவைத்து, கூழாக்கி, சுவரில் அப்பிவிட்டால் அது காயும்போது உப்பை வெளியே இழுத்துக்கொள்ளும். ஆனால் மை பட்ட காகிதம் ஆகாது, கறை பிடிக்கும். எழுதாத தாள்தான் வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் அண்ணனையே அறிவிக்கச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“யாரு நோட்டுல ஒண்ணுமே எழுதலையோ அவங்கதான் எனக்கு வேணும்” என்றார்.

வகுப்பில் எழுதவே எழுதாத பெண்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தார்கள். முக்கால் நோட்டு வெறுமையாக இருந்த பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அண்ணன் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். “இதெல்லாம் ஊக்குவிக்காதீங்க” என்று தலைமை ஆசிரியை அம்மா சிரித்துக்கொண்டே கண்டித்தார். அந்தக் கோடை விடுமுறை முழுக்க முகப்பில் வெள்ளை வெள்ளையாகக் காகிதக் கூழ் ஒட்டியிருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார்கள்.

மூன்று முறை அப்பி, மூன்று முறை எடுத்தார். சிமெண்டைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைத்தார். முகம் அறவே தேய்ந்த செங்கற்களைப் பெயர்த்து, பின்பக்கத்தை வெளியே காட்டித் திருப்பி வைத்தார். மழைக்காலம் வந்தது. அண்ணன் தினமும் காலையில் அங்கே போய் வராந்தாவில் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அந்த மாதங்களில் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மார்கழி முடியும் தறுவாயில் ஆயாவே போன் செய்தார். “நைனா, பெருக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நீ போய் ஒழுங்கா துன்னு” என்றாராம்.

முகப்பு நின்றது. இன்றும் நிற்கிறது. முன்போலப் பளபளக்காது; கொஞ்சம் மங்கலாக, அதன் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது.

நான் பயந்ததில் பாதி நடக்கவும் செய்தது. விஷயம் பரவி, வீடு கட்டிய மூன்று பேர் அண்ணனை வேண்டாம் என்றார்கள். ஆனால் தலைமை ஆசிரியை அம்மா மற்றப் பள்ளிகளில் சொல்ல, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று பழைய பள்ளிக்கூட வேலைகளாக வந்தன. அதன்பின் அண்ணன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கவேயில்லை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் கண்ணில் படாத மூலையில் ஒரு முழச் சதுரம் மட்டும் கழுவிவிட்டு, ஒரு மழையும் ஒரு வெயிலும் போகட்டும் என்று திரும்பிவிடுவார். விழாவுக்குள் முடிய வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், “சாமியானா பந்தல் போட்டு மறைச்சிடுங்க சார், நான் அப்பால வரேன்” என்பார். கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர் அசையவில்லை.

கடைசி இரண்டு வருடம் சர்க்கரை அவரைப் படுத்தியது. சாரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலே இருப்பவர்களை ஏவினார். போன வருடம் ஒரு ஞாயிறு காலை, ஆராதனைக்குப் புறப்பட்டுச் சட்டை மாட்டியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகம் துன்பப்படவில்லை. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயர், மூன்று நாளும் அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த சபையார், பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தாங்களே சுமந்த, அண்ணனிடம் வேலை பார்த்த அந்தப் பத்துப் பேர், ஓய்வு பெற்ற பிறகும் ஊன்றுகோலோடு வந்து நின்ற தலைமை ஆசிரியை அம்மா, தலைமாட்டை விட்டு நகராத ஆயா, தூரத்திலிருந்து வந்த உறவினர், நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பள்ளியில் இப்போது என் பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளை விடப் போகும்போதெல்லாம், அன்று அண்ணன் என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த முகப்பு இருந்திருக்காது என்ற நினைப்பு வரும். ஒரு நாளாவது அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வருடக் கணக்கில் கேலி செய்வார் என்று, வீம்புக்கு, சொல்லாமலே இருந்துவிட்டேன். உங்கள் எல்லார் முன்னாலும் இப்போது சொல்கிறேன்.

அண்ணா, அன்னிக்கு நீ செஞ்சதுதான் சரி. நான் சொன்னது தப்பு.