இருபத்து நான்கு படி வால்யூம்

என் மகன் இன்று ஆம்ப்ளிஃபையருக்குப் புது வால்யூம் குமிழ் செய்து மாட்டினான். படிக்கொரு ரெசிஸ்டர் ஒட்டி, மொத்தம் இருபத்து நான்கு படி.

"திருகிப் பாருங்கம்மா. டக் டக்குன்னு படிப்படியாத்தான் ஏறும்."

இங்கே ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், தடையை மீறி அப்பா ஒளித்துக் கேட்ட ரேடியோவுக்குப் படி கிடையாது. ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஒருநாள் கூடக் கேட்க வந்து, "ஒண்ணும் கேக்கல லா, கூட்டுய்யா" என்று அவரே குமிழை முறுக்கினார். சத்தம் ரோடு வரை போனது.

ஜப்பான்காரன் வந்தான். கிராணி, "எனக்குத் தெரியாது" என்று நழுவினார். அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை.

அந்தக் கிராணியின் பேரன் நாளைக்குப் பாட்டுக் கேட்க வருகிறாராம்.

"பழச விடுங்கம்மா" என்கிறான் மகன்.

வரட்டும், டீ கொடுப்பேன். குமிழுக்குப் பக்கத்து நாற்காலியில் மட்டும் நான்தான் உட்காருவேன்.

நீங்களாக இருந்தால் தொட விடுவீர்களா?