இல்லாத தீட்டு

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கையே கிடையாது. சமயபுரத்தில் யாருக்காவது அருள் வந்தால்கூட, சத்தம் தாங்காமல் ஒதுங்கி நிற்கிறவள் நான். அஞ்சாம் வகுப்புவரைதான் படித்தேன், அழகாகச் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்பினாலும் சரி, கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றாலும் சரி.

புஷ்பம் என்று எனக்கு ஒரு சிநேகிதி. தொட்டியத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். கல்யாணமாகி அவள் மெட்ராஸ் போனாள், நான் ஸ்ரீரங்கம் வந்தேன். அவள் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். இப்போது போனில் வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற பழக்கம் வேறு. போன வருஷம் ஒருநாள் காலையில் போன் பண்ணினாள்.

"அடியே, ஸ்ரீரங்கத்துலதான் இருக்கேன், மச்சினி வீட்டுல. சாயங்காலம் கோயிலுக்குப் போறோம். கோபுரத்துக்கு முன்னாடி உன்னைப் பேச வச்சு வீடியோ எடுக்கப்போறேன். அப்புறம் ராத்திரி டவுனைச் சுத்துறோம்."

நாலு பேர் எதிரில் என் பேரைச் சொல்லவே வெட்கப்படுவேன், இதில் வீடியோவா. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதிரே கடலை மூட்டை கிடந்தது, வையம்பட்டியிலிருந்து என் கொழுந்தனார் சின்னராசு கொண்டுவந்து போட்டது. அதைப் பார்த்தபடியே வாயில் வந்துவிட்டது.

"கோயிலுக்கு வர முடியாது புஷ்பம். தீட்டு. என் கொழுந்தனார் தவறிட்டார்."

"அய்யய்யோ, எப்ப?"

"போன வாரம்."

சாவுத் தீட்டு என்றால் எங்களில் பதினாறு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள், அதனால்தான் சொன்னேன். ஒரு வீடியோவுக்குப் பயந்து உயிரோடு இருக்கிற மனிதரைச் சாகடித்துவிட்டேன். அதுவும் எப்படிப்பட்ட மனிதரை. என் வீட்டுக்காரர் போன பிறகு, நான் கேட்காமலே மூட்டை தூக்கிக்கொண்டு வந்து, ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டு, "வரேன் அண்ணி" என்று போகிறவர்.

புஷ்பம் விடுகிற ஆளா. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தாள். "நல்ல மனுஷன்னு சொல்லுவியேடி" என்று அவள் கண் கலங்கினாள், நானும் முந்தானையால் வராத கண்ணீரைத் துடைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிறகு அவளே, "தீட்டுன்னா கோயிலுக்குத்தானே ஆகாது? கடைவீதிக்கு என்னடி தீட்டு? கிளம்பு, மனசு ஆறும்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மலைக்கோட்டையில் விளக்குப் போட்டிருந்தார்கள். தெப்பக்குளத்தைச் சுற்றினோம், சின்னக்கடை வீதியில் அவள் வளையல் வாங்கினாள், நான் வேடிக்கை பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். சர்வர் மூன்று டம்ளர் தண்ணீர் வைத்தார்.

"ரெண்டு பேர்தாங்க" என்றேன்.

"அய்யா கை கழுவப் போயிருக்காரு இல்லைங்களா?"

புஷ்பம் சிரித்துவிட்டாள். "இந்த வயசுல எங்களுக்கு எந்த அய்யாங்க? இருந்தா காட்டுங்க, நானும் பார்க்கறேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு டம்ளரை எடுத்துப் போனார். ஆள் மாறிப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். பொம்பளைகளுக்குக் காசு கிடையாது அல்லவா, கண்டக்டர் இரண்டு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"பெரியவருக்கு டிக்கெட் எடுங்கம்மா."

"எந்தப் பெரியவருங்க?"

"பின்னாடி பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரே. கேட்டா, அண்ணி எடுப்பாங்கன்னு உங்களைக் கைகாட்டுறாரு."

உலகத்தில் என்னை அண்ணி என்று கூப்பிட இருப்பது ஒரே ஒருவர்தான். திரும்பிப் பார்த்தேன். காலேஜ் பிள்ளைகள் நின்றார்கள், பச்சைத் துண்டு எதுவும் இல்லை. "இந்த வயசுலயும் உன் பின்னாடி ஒருத்தன் வர்றானேடி!" என்று புஷ்பம் என் தொடையில் தட்டினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இப்பத்தானே நின்னாரு" என்று முனகிக்கொண்டே போய்விட்டார். காவிரிப் பாலத்தில் போகும்போது நான் தலையைத் தூக்கவே இல்லை. எங்கள் ஸ்டாப் வந்ததும் முதல் ஆளாக இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வையம்பட்டிக்குப் போன் போட்டேன். கொழுந்தனார் பெண்சாதி மாலதிதான் எடுத்தாள், அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். காலையில நல்லாத்தான் வயலுக்குப் போனாரு. பொழுது சாயக் காய்ச்சல் வந்து விழுந்தவரு, நினைவே இல்லை. இப்பத்தான் வாயைத் திறந்தாரு. அண்ணி என்னை பஸ்ஸுல விட்டுட்டு இறங்கிட்டாங்கங்கறாரு. உங்களைத்தான் தேடுறாருக்கா."

அந்த ராத்திரி நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். விளக்கேற்ற மனசு வரவில்லை. பொய்த் தீட்டுக்கு என்ன பரிகாரம் என்று யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார் என்று மாலதி சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. காய்ச்சலில் எதையோ உளறியிருக்கிறார், கண்டக்டரும் யாரையோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார் என்று நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அவரிடமும் சொல்லவில்லை, புஷ்பத்திடமும் சொல்லவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை அவர் ஸ்ரீரங்கம் வந்தார். வருஷம் தவறாமல் என்னோடு வந்து பெருமாள் சேவிப்பார். இளைத்திருந்தார், மற்றபடி சிரிப்பெல்லாம் அப்படியே இருந்தது. பேசிக்கொண்டேதான் நடந்தோம். கோயில் வாசல் வந்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. நான் உள்ள வரக் கூடாது."

"ஏன் தம்பி?"

"தீட்டு இருக்குங்க."

"நம்ம பங்காளிங்கள்ல யாரும் தவறலையே. யாரு செத்தா?"

அவர் பேர் மறந்துபோனவர் மாதிரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியலைங்க அண்ணி. இருக்குன்னு மட்டும் தெரியுது."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஓரமாகத் துண்டை விரித்து உட்கார்ந்து, "செருப்பை இங்க விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். பதினாறு நாள் போய், பதினாறு மாசமும் ஆகப்போகிறது. இன்னும் அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை.