பேபி கையெழுத்துப் போடாத நோட்டு

பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்த அன்று, பேபி முதலில் செய்த காரியம் மகள் கஸ்தூரியின் முதுகில் ஒன்று வைத்ததுதான். மகள் என்ன குற்றம் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்றும் தெரியாது. படிக்கத் தெரியாதவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் சீட்டு வந்தால் பெற்றவர்களைப் பள்ளிக்கூடம் கூப்பிடுகிறது, பிள்ளை ஏதோ வம்பு செய்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணூர்பேட்டையில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. போய் நின்று, திட்டு வாங்கிக்கொண்டு, "இனிமே பண்ணாது சார்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். முன்கூட்டியே அடித்துவிட்டுப் போனால் திட்டு கொஞ்சம் குறையும்.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாம் வகுப்பு அறையில் பதினேழு அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் பிள்ளைகளின் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மாலை வகுப்பு எடுக்கப் புதிதாக வந்திருந்த ஜெயசீலி டீச்சர் வாயைத் திறப்பதற்குள், கறிக்கடை மஸ்தானின் மனைவி லத்தீஃபா எழுந்துவிட்டாள்.

"டீச்சர், எதுவா இருந்தாலும் நான் ஊட்லயே நாலு சாத்து சாத்தித்தான் இட்டாந்துகீறேன். நீங்க வேற அடிச்சிடாதீங்க, புள்ள தாங்காது."

"நானுந்தான் டீச்சர்."

"எங்கூட்லயும் ஆச்சி."

ஜெயசீலி திகைத்துப்போனாள். "எத்தனை பேர் அடிச்சிட்டு வந்திருக்கீங்க?"

பதினான்கு கைகள் உயர்ந்தன. பேபியின் கையும் அதில் ஒன்று.

"எந்தப் புள்ளையும் எந்தத் தப்பும் பண்ணலைம்மா. எனக்கு உங்க ஒத்தாசை வேணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

பள்ளிக்கூடம் தங்களிடம் ஒத்தாசை கேட்கும் என்று அங்கே ஒருவரும் நினைத்ததில்லை. பேபி வாசல் பக்கம் பார்த்தாள். கஸ்தூரி கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேபிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று திரும்பும் வழியில் மகளுக்கு இரண்டு கமர்கட் வாங்கிக் கொடுத்தாள்.

"எதுக்கும்மா?"

"சும்மா துன்னுடி."

டீச்சர் கேட்ட ஒத்தாசை இதுதான். மூன்றாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள். அவர்களில் பத்தொன்பது பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. அந்தப் பத்தொன்பது பேருக்குப் பள்ளி விட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் தனி வகுப்பு. தலைமையாசிரியர் ராயப்பன் காலாண்டுப் பரீட்சை வரைதான் அதற்கு அனுமதி கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு எல்லோரும் மறுபடி அந்த அறுபதில் ஒருவராகக் கலந்துவிட வேண்டியதுதான். வகுப்பில் படிப்பது மட்டும் போதாது, வீட்டில் தினமும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டதற்கு அடையாளமாக இந்த நோட்டில் கையெழுத்துப் போடுங்கள் என்றாள் ஜெயசீலி.

"எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர்," என்றாள் பேபி. "அது சரியாப் படிக்குதா இல்லியான்னு நான் எப்டி கண்டுக்கறது?"

"நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டாலே போதும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மற்றவர்களுக்கு இது நிம்மதியாக இருந்தது. பேபிக்கு இல்லை.

பேபி என்பது அவளுக்கு யாரும் ஆசையாக வைத்த பேர் இல்லை. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது சீட்டில் 'பேபி' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் தாய் அன்னம்மாளின் பேரைப் போட்டிருந்தார்கள். நர்ஸம்மாவே பேர் வைத்துவிட்டதாக அன்னம்மாள் நினைத்துக்கொண்டாள். அதுவே நிலைத்தது. இரண்டாம் வகுப்பில் பள்ளியை விட்டு, தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்து, பதினேழு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷமாக அங்கே செக்கிங் பிரிவில் இருக்கிறாள். அளவு பார்க்க இரண்டு இரும்பு வளையங்கள் கையில் இருக்கும். ஒன்று போல்டின் மரையில் சுழன்று ஏற வேண்டும், இன்னொன்று ஏறவே கூடாது. பெட்டியில் மேலாக இருப்பதை எடுத்துப் பார்த்துவிட்டு விடுகிற ஆள் இல்லை அவள். அடியில் கையை விட்டு எடுப்பாள், மூலையில் எடுப்பாள், நடுவில் எடுப்பாள். பிறகுதான் அட்டையில் கையெழுத்து. அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அவளுக்கு எழுதத் தெரியும். எழுதுவாள் என்பதைவிட வரைவாள் என்று சொல்லலாம். போட்டுவிட்டால் அந்தப் பெட்டிக்கு அவள் பொறுப்பு. ஒரு தடவை சூப்பர்வைசர் அவசரத்தில், "பேபி, பாக்காமலே போட்டுடும்மா, லாரி நிக்குது," என்றபோது, "லாரி நிக்கட்டும் சார், நான் ஓடமாட்டேன்," என்றவள்.

ஆகவே நோட்டை முன்னால் வைத்துக்கொண்டு அவள் மகளைப் படிக்கச் சொன்னபோது, ஏனோதானோவென்று கேட்கவில்லை.

கஸ்தூரி கடகடவென்று படித்தாள். முயலும் ஆமையும் பாடம். பக்கத்து வீட்டுக்காரிகூட எட்டிப் பார்த்து, "இன்னாமா படிக்குது உம்பொண்ணு!" என்றுவிட்டுப் போனாள். பேபிக்கு உள்ளம் குளிர்ந்தது. பேனாவை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தாள். கஸ்தூரியின் வாய் ஓடிக்கொண்டிருந்தது, கண் சுவரில் ஒரு பல்லியின் மேல் இருந்தது.

பேபி மெதுவாக உள்ளங்கையை வைத்துப் பக்கத்தை மூடினாள். முயல் தூங்கிக்கொண்டிருந்தது, ஆமை நடந்துகொண்டிருந்தது. கை வைத்தது கஸ்தூரிக்குத் தெரியவே இல்லை. பேபி புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். ஆமை ஜெயித்தது.

"இது இன்னாடி?" பக்கத்தின் அடியில் ஒரு வார்த்தையைத் தொட்டுக் கேட்டாள்.

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "ஒரு காட்டில் ஒரு முயல்..." பாதியில் வழி தவறியது. திருதிருவென்று அம்மாவைப் பார்த்தாள். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

பேபி அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. தினமும் கஸ்தூரி வாசித்தாள், தினமும் பேபி அடியிலும் மூலையிலும் நடுவிலும் தொட்டுக் கேட்டாள். நோட்டில் கையெழுத்து விழவே இல்லை. புருஷன் ஜம்புலிங்கம் டெம்போ ஓட்டுபவன். அவனுக்கு இது வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

"இன்னாமே, பொண்ணையும் பொட்டி பொட்டியா செக் பண்றியா? ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்."

"நீ வேணா போடு. அது நெசமா படிக்காம நான் போடமாட்டேன்."

"நான் போட்டா டீச்சர் கண்டுபுடிச்சிடும். என் கையெழுத்து கொஞ்சம் நல்லா இருக்கும்."

நோட்டு வெறுமையாகவே போய் வந்தது. மூன்றாவது வாரம் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. பேபி அதை ஜம்புலிங்கத்திடம் காட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை." படித்துவிட்டு அவளைப் பார்க்காமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். பேபி நோட்டை மூடி வைத்தாள். ஒத்தாசை கேட்ட ஒரே டீச்சர் அவள். அவளே இப்படி எழுதிவிட்டாளே.

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி கூட்டம். இந்தத் தடவை யாரும் பிள்ளைகளை அடித்துவிட்டு வரவில்லை. பிள்ளைகளும் புத்தகப் பையோடு சுவரோரம் நின்றார்கள். ராயப்பன் சாரும் வந்திருந்தார். பத்தொன்பது பிள்ளைகளும் நேற்று தம் முன்னால் பாடத்தைத் தடையில்லாமல் வாசித்ததாகவும், வகுப்பு வெற்றி என்று பட்டியல் தயார் ஆகிவிட்டதாகவும், திங்கட்கிழமை முதல் மாலை வகுப்பு தேவையில்லை என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"பதினெட்டு நோட்டுல தினமும் கையெழுத்து இருக்கு," என்றார் சார். "ஒரே ஒரு நோட்டு காலி. அந்தப் புள்ளையும் பாவம், தானாவே படிச்சிடுச்சி."

பேபி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கஸ்தூரி தேறியவளாகிவிடுவாள். அறுபது பேரோடு உட்கார்ந்து முயலையும் ஆமையையும் சொல்லிக்கொண்டே நாலாவது போவாள், ஐந்தாவது போவாள். அடியில் கையை விட்டுப் பார்க்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வாயைத் திறந்தால் இத்தனை பேர் முன்னால் தன் பெண்ணுக்குத் தலைகுனிவு, அந்த டீச்சருக்கும் தலைகுனிவு.

எழுந்தாள்.

"சார், அந்தக் காலி நோட்டு எங்கூட்டுதுதான். கஸ்தூரிக்குப் படிக்க வரல சார். அது மனப்பாடம்."

"நேத்து படிச்சிதேம்மா?"

"கஸ்தூரி, வா கண்ணு. பயப்படாத. பொஸ்தகத்த எடு."

கஸ்தூரி வாசிக்க ஆரம்பித்ததும் பேபி கையை வைத்து மூடினாள். வாசிப்பு நிற்கவில்லை. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஜெயசீலி சிரிக்கவில்லை. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் புத்தகத்தின் மேல் தன் கையை வைத்தாள். அந்தப் பிள்ளையும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போயிற்று. லத்தீஃபா தன் மகளின் புத்தகத்தைத் தானே மூடிப் பார்த்துவிட்டு, "அடியே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தொன்பதில் பதின்மூன்று பிள்ளைகள் மூடிய புத்தகத்தை வாசித்தன.

"ஏம்மா," என்றார் ராயப்பன் சார், "பேர் வாங்குற நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே? இப்ப எல்லாரும் ஃபெயில்னு எழுதச் சொல்றியா?"

"ஃபெயில் இல்ல சார். எங்க கம்பெனில மூணு ட்ரே கீது. சரியான மால் ஒண்ணுத்துல, ரிஜெக்ட் ஒண்ணுத்துல, ரீவொர்க் ஒண்ணுத்துல. ரீவொர்க்குன்னா தூக்கிப் போடறது இல்ல. இன்னொரு வாட்டி மெஷின்ல ஏத்தினா நல்ல மாலாயிடும். எம்பொண்ணு ரீவொர்க் சார். வகுப்ப மட்டும் நிறுத்தாதீங்க."

ஜெயசீலி மேசையிலிருந்த பட்டியலை எடுத்தாள். அவள் பட்டாபிராமில் மூட்டை தூக்கும் செபாஸ்டியனின் மகள். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாக பி.ஏ. என்று இரண்டு எழுத்துப் போட்டுக்கொண்டவள். பத்தொன்பது பேருக்கும் போட்டிருந்த டிக்கில் பதின்மூன்றை அடித்தாள். அடித்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் கையெழுத்தைப் போட்டு, சாரிடம் நீட்டினாள்.

"வகுப்பு வேணும் சார். தப்பு என்னுது."

சார் பட்டியலை வெகுநேரம் பார்த்தார். "முழுப் பரீட்சை வரைக்கும்," என்றார் கடைசியில். "அதுக்கு மேல என்னைக் கேக்கக் கூடாது."

கூட்டம் கலைந்த பிறகு ஜெயசீலி பேபியிடம் வந்தாள். சிவப்பு மையில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வந்தவள், அதைச் சொல்லாமல் வேறு எதையோ சொன்னாள். "அக்கா, நானும் மனப்பாடம் பண்ணித்தான் காலேஜ் வரைக்கும் வந்தேன். யாராவது நடுவுல கையை வச்சு மூடியிருந்தா நானும் நிக்காமதான் போயிருப்பேனோன்னு தோணுது."

"அதான் இப்ப நின்னுட்டியேம்மா," என்றாள் பேபி.

அதற்குப் பிறகு மாலை வகுப்புக்கு அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேர். வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அது ஒரு குறையாக இல்லை. டீச்சர் கற்றுக்கொடுப்பாள், இவர்கள் கையை வைத்து மூடுவார்கள், அடியில் தொடுவார்கள், மூலையில் தொடுவார்கள். லத்தீஃபா கறி கட்டிய பழைய தாளையெல்லாம் கொண்டுவந்து, "இத படி பாக்கலாம், இத நீ மனப்பாடம் பண்ணியிருக்க மாட்ட," என்பாள். பேபி வேலை விட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வாள். மெஷின் எண்ணெய் வாசம் அடிக்கும் கையால் அவள் புத்தகத்தை மூடினால் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். கார்த்திகை மாதம் ஒரு நாள் கஸ்தூரியின் நோட்டில் முதல் கையெழுத்து விழுந்தது. மூன்று வார்த்தைக்கு மட்டும். மூன்றுக்குத்தான் அது என்று பேபி டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் தங்கை வீட்டுக்குப் போக இரண்டு பேரும் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பேபிக்கு நம்பர் தெரியும். எப்போதும் போகிற நம்பர் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"அம்மா, ஏறாத," என்றாள் கஸ்தூரி. அவள் பார்வை பஸ்ஸின் நெற்றியில் இருந்தது. "இது பூந்தமல்லி போவாது. வேற எழுதிக்கீது."

"அதே நம்பர்தான்டி, ஏறு."

"இல்லம்மா. திரு... வே... ற்... கா... டு. அவ்ளோதான் கீது."

பேபி காலை எடுத்துவிட்டுக் கண்டக்டரைப் பார்த்தாள். "ஏம்பா, பூந்தமல்லி போவுந்தானே?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "கட் சர்வீஸ்மா. திருவேற்காட்டோட திரும்பிடும். போர்டுல அவ்ளோ பெருசா எழுதிக்கீதே, படிச்சிட்டு ஏறமாட்டியா? காலைலேர்ந்து இதே ரோதனையாப் போச்சி."

"நல்லா கேளுப்பா," என்றாள் பேபி. மகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொரு வாட்டி சத்தமா கேளு."

கண்டக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேபி நிழலாகப் பார்த்து மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு, எதிரே வருகிற பஸ்களின் நெற்றியை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தாள்.

"அது?"