ஜெபகுமார் இறங்கினால்

ஜெபகுமார் ஹாரன் அடிப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே வலது கையைத் தொங்கவிட்டு, கதவுத் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். மதியம் ஒன்றரை மணி, பிள்ளையார்பாளையத்துத் தெருமுனை. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அந்த இரண்டு தட்டு தனியாகக் கேட்கும். கேட்க வேண்டியவர்கள் டிபன் பையோடு ஓடி வருவார்கள்.

"ஹாரன் அடிச்சா தெருவே எட்டிப் பாக்கும்பா. தட்டுனா, வர வேண்டியவங்க மட்டும் வருவாங்க" என்பது அவர் கட்சி. ஒருமுறை ஹாரன் அடித்துத் தூளியில் தூங்கிய குழந்தையை எழுப்பிவிட்டு, அதன் தாயிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் ஒரு காரணம். அதை அவர் சொல்ல மாட்டார். வண்டியில் வருகிறவர்கள் சொல்வார்கள்.

ஐம்பத்தாறு வயது. முசரவாக்கத்துக்காரர். ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை இருபது வருடமாக ஓட்டுகிறார். கம்பெனிகள் மாறின, டிராவல்ஸ் முதலாளி மாறினார், பஸ்ஸின் நிறம் மூன்று முறை மாறியது. டிரைவர் மட்டும் மாறவில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். "எங்கப்பா ஆயுசுக்கும் குனிஞ்சிக்கினே வேல செஞ்சாரு. நான் குந்திக்கினே செய்றேன். அது போதாதா?" என்பார். போதும் என்று நாம் சொன்னால்தான் அடுத்த பேச்சுக்குப் போவார்.

கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னச் சிலுவை தொங்கும். அதற்குக் கீழே, ஏதோ ஓர் ஆயுத பூஜைக்குப் பெண்கள் ஒட்டிய காமாட்சியம்மன் படம், வெயிலில் வெளுத்துப்போய் இருக்கும். "சேந்து குந்தட்டும்மா, இன்னா கெட்டுப் போச்சு" என்று அன்றைக்குச் சொன்னதோடு சரி. ஒவ்வொரு நாளும் இரண்டையும் ஒரே துணியால் துடைக்கிறார்.

நிறுத்தங்களுக்கு ஆபீஸ் தாளில் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்றெல்லாம் பெயர் இருக்கும். ஜெபகுமார் அதை மதித்ததில்லை. ஓர் இடத்தில் முதன்முதலில் யார் ஏறினார்களோ அவர்கள் பெயர்தான் அந்த நிறுத்தத்துக்கு. சீனிவாசன் ஸ்டாப்பில் ஏறிய சீனிவாசன் இப்போது மனை வாங்கி விற்கிறார், சொந்தக் காரில் பஸ்ஸை முந்திக்கொண்டு போகும்போது கையாட்டுகிறார். காந்தா ஸ்டாப்பில் காந்தா கடைசியாக ஏறிப் பதினோரு வருடமாகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள், "யாருண்ணா காந்தா?" என்று கேட்டால், "ஒனக்கு முன்னாடி ஏறின பொண்ணும்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வண்டிக்கு ஒரு வியாதி உண்டு. அணைத்தால் மறுபடி எடுக்காது. இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் போய் மூன்று வருடமாகிறது. முதலாளி அடுத்த மாதம் மாற்றித் தருகிறார். அந்த அடுத்த மாதம்தான் வருவதாக இல்லை. அதனால் முசரவாக்கம் ஏரிக்கரைச் சரிவில் நிறுத்திவைத்து, உருட்டிவிட்டுக் கிளப்புவார். கிளப்பினால் கம்பெனி கேட் வரை அணைக்க மாட்டார், இறங்கவும் மாட்டார். பிள்ளையார்பாளையத்தில் முனிசாமி கடை டீகூட ஜன்னல் வழியாகத்தான் ஏறும். செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால்தான் ஓட்டுவார். கிளட்ச் பேசுவது பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

முனிசாமி கடையில் பேப்பர் வாங்குகிறார்கள். பட்டு விலை, ஜரிகை விலை, அமெரிக்காக்காரன் போட்ட வரி, புதிதாக வரப்போகிற கம்பெனி, வந்தால் எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று பெஞ்சில் இருப்பவர்கள் அலசு அலசென்று அலசுவார்கள். ஜெபகுமார் ஜன்னலில் முழங்கையை ஊன்றி டீயை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருப்பார். "ஊரு நெலம தெரியணும்னா பேப்பர் எதுக்குப்பா? என் வண்டியில தலய எண்ணு." போன ஆடியில் முப்பத்தெட்டுத் தலை. பொங்கலுக்கு இருபத்தொன்பது. இப்போது இருபது. ஐம்பத்திரண்டு சீட் வண்டியில் இருபது பேர் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறார்கள். முன்பெல்லாம் ஜன்னலோரத்துக்குச் சண்டை நடக்கும்.

அந்த முன்பெல்லாம் என்ற சொல் வாயில் வந்துவிட்டால் போதும், ஜெபகுமார் மூன்றாவது கியரை மறந்துவிடுவார். அது சார்ஜர் கம்பெனி காலம். செல்போனுக்குச் சார்ஜர் செய்கிற கம்பெனி. வண்டியில் எழுபது பேர். ஏறும்போதே மல்லிகைப்பூவும் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கலந்த ஒரு வாசனை கூடவே ஏறும். "டீசல் வாசனயே தெரியாதுப்பா எனக்கு." போனஸ் வந்த வாரத்தில் ஒவ்வொரு காதிலும் புதுக் கம்மல் இருக்கும். கருட சேவை அன்று ஊருக்குள் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டு, எழுபது பேரும் கூரையில் ஏறாத குறையாக நின்று பெருமாளைச் சேவித்துவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார்கள். கம்பெனியில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பின் சீட்டில் ஆரம்பித்த காதல்களில் மூன்று கல்யாணத்தில் முடிந்தன. ஒன்றுக்கு ஜெபகுமாரே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

எழுபது பேர் ஏறி இறங்குகிற இடத்தில் ஏழு கடை முளைக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. காந்தா ஸ்டாப்பில் பூக்காரி வந்தாள், பஜ்ஜிக் கடை வந்தது, ரீசார்ஜ் கடை வந்தது, தவணைக்குப் புடவை தருகிறவர் வந்தார். இன்றைக்கு அங்கே ஒரு புங்கமரமும் ஷட்டர் இறக்கிய கடைகளும்தான். அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் அவருடைய கால் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

அந்தக் கம்பெனி போன விதம்தான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நாள் மதியம், முசரவாக்கத்தில் வண்டியை எடுப்பதற்கு முன்பே, கேட்டில் காவலுக்கு இருந்த சிநேகிதர் போன் செய்தார்: "இன்னிக்கு கேட்டு தெறக்க மாட்டாங்க போல கீதுப்பா." உறுதியில்லாத சேதியைச் சொல்லி எழுபது பேர் வயிற்றில் எதற்குப் புளியைக் கரைக்க வேண்டும் என்று நினைத்தார். கம்மென்று ஓட்டிப் போனார். கேட்டில் பூட்டும், பூட்டுக்கு மேலே ஒட்டிய ஒரு காகிதமும் இருந்தன. ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு எழுபது பேரும் மறுபடி ஏறினார்கள்.

காந்தாவுக்கு முந்தின நாள்தான் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. லைனில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பெரிய டப்பா நிறைய லட்டு கொண்டு வந்திருந்தாள். திரும்பும் வழியில் சீட் சீட்டாக வந்து கொடுத்தாள். கடைசியில் டிரைவரிடம் வந்தாள். "வீணாப் போவுது, சாப்புடுங்கண்ணா."

"தெரிஞ்சிக்கினே கூட்டிக்கினு போனேன்பா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு டப்பாவ ஊட்லயே வச்சிட்டு வந்திருக்கும்." இதைச் சொல்லும்போது ஜெபகுமாரின் குரல் இறங்கிவிடும். காந்தா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள், அங்கே சௌக்கியமாக இருக்கிறாள் என்று கேள்வி. லட்டு என்னவோ இன்னும் இவர் தொண்டையைத் தாண்டவில்லை.

இப்போது ஓடுவது காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி. யாரையாவது வேலையிலிருந்து எடுத்துவிட்டால் அவர்களுக்கு முன்னால் ஜெபகுமாருக்குத் தெரிந்துவிடும். யார் யாரை ஏற்ற வேண்டும் என்கிற பட்டியல் காலை பதினொரு மணிக்கே அவர் போனுக்கு வந்துவிடுகிறது, சீட்டையும் டீசலையும் கணக்கிட வேண்டுமே. வேலை போனவருக்கோ மெசேஜ் சாயங்காலம்தான் வரும். அதற்குள் அவர் கேட்டுக்குப் போய்க் கார்டை வைத்து, சிவப்பு விளக்கு எரிந்து, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவதையும் கேட்டாகிவிடும்.

அதனால்தான் ஜெபகுமார் இறங்க ஆரம்பித்தார். அப்படி ஒரு பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தால், அந்த நிறுத்தத்தில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ச் சொல்லுவார். வண்டியை ஓடவிட்டே சொன்னால் என்ன என்று அவர் மனைவி அம்சா கேட்டதற்கு, "வண்டி உறுமிக்கினு இருக்கச்சே சொல்ற சேதியா அது?" என்றார். சரி, போனில் சொல்லக் கூடாதா? "சாவு சேதிய போன்ல சொல்லலாம். கூட அழுவ நாலு பேரு வருவாங்க. வேல போனதுக்கு யாரு வருவா?"

இந்த ஒரு வருடத்தில் பல முறை இறங்கிவிட்டார். சேதியைக் கேட்டவர்களில் சிலர் அழுதார்கள். சரத்குமார் என்கிற பையன் டயரை எட்டி உதைத்தான்; இப்போது ஏனாத்தூர்க் கல்லூரி வாசலில் பானிபூரி வண்டி போட்டிருக்கிறான், பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வழக்கம் இதுதான்: கேட்டவர் வீட்டைப் பார்த்து நடப்பார், வேலை மிச்சமிருப்பவர்கள் இறங்கி வந்து, அணைந்துபோன வண்டியைத் தள்ளுவார்கள்.

நேற்றுக் காலை வந்த பட்டியலில் பத்தொன்பது பெயர். சந்தியா இல்லை. கூடவே போக்குவரத்து சூப்பர்வைசர் ராஜவேலுவின் குரல் பதிவும் வந்தது: "அண்ணே, இப்போ அந்தப் பொண்ணு ஒண்ணுதான் பிள்ளையார்பாளையத்துல ஏறுது. இனிமே அந்த ஸ்டாப்பே கெடையாது. நேரா மெயின் ரோட்ல வந்துடுங்க. நீங்க ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காதீங்க, போன தபாவே மேல கேட்டாங்க. அடுத்த வாரம் பஸ்ஸ எடுத்துட்டு வேன் போடறாங்க, அதுக்கு யார டிரைவராப் போடறதுன்னு பேச்சு ஓடிக்கினு இருக்குது. பாத்துக்குங்க." ராஜவேலு கெட்டவன் இல்லை. பயந்தவன்.

ஜெபகுமார் அதை இரண்டு முறை கேட்டார். அம்சா எடுத்து வைத்த சோற்றில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஏரிக்கரையில் வண்டியை உருட்டி, பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு, மெயின் ரோட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தார். பின்னால் பேச்சு நின்றுபோனது. புதுப் பாதை அவர்கள் போனுக்கும் வந்திருந்தது.

சந்தியா இருபத்து நான்கு வயதுப் பெண், நெசவாளர் சிவபாலனின் மூத்த மகள். அறுந்த பட்டு இழையை முடிந்து பழகிய விரல்கள். ஒயர் கட்டுவதில் அவள் லைனில் அவளை மிஞ்ச ஆளில்லை. "எங்கப்பா தறி மாசத்துல பத்து நாளு ஓடுது, மிச்ச இருபது நாளும் என் லைன்தான் ஓடுது" என்று சொல்லிச் சிரிப்பாள். தங்கை நர்சிங் படிப்பது அந்த லைனை நம்பித்தான். கழுத்தில் கம்பெனிக் கார்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்குவாள்.

அவள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். ஜெபகுமார் கதவைத் தட்டவில்லை. சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றதும் தறிச் சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டது. செருப்பு சீட்டுக்கடியிலேயே கிடக்க, வெறுங்காலோடு தார் ரோட்டில் இறங்கினார்.

அவர் காலைத்தான் சந்தியா முதலில் பார்த்தாள். "நானாண்ணா?" என்றாள்.

"ஆமாம்மா."

"மெசேஜ் ஒண்ணும் வரலியே."

"சாயங்காலந்தான் வரும். நீ கேட்ல போயி நிக்க வேணாம்னுதான் வந்தேன்."

"நீங்க சொல்லலாமா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாங்க."

அவள் டிபன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். ஜெபகுமாருக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சூடு பொறுக்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"செருப்பு போட்டுக்கினு எறங்கியிருக்கலாமில்ல" என்றாள் சந்தியா. கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் உடையவில்லை. "போங்கண்ணா, வண்டிய எடுங்க. அவங்களுக்கு லேட்டாவுது."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எப்போதும்போல டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரும் சொல்லாமலே பதினோரு பேரும் இறங்கிப் பின்னால் போனார்கள். முனிசாமி கிளாஸைக் கழுவுகிற இடத்தில் போட்டுவிட்டு வந்தார், பெஞ்சிலிருந்த மூன்று பேரும் வந்தார்கள். ஜெபகுமார் கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டுக்கொண்டு, அவள் வீட்டுப் பக்கம் போய்விட்டாளா என்று பக்கக் கண்ணாடியில் தேடினார். தெருவில் அவளைக் காணோம். டீக்கடைப் பெஞ்சில் அவளுடைய டிபன் பை மட்டும் இருந்தது.

வண்டி அசைந்தது. தள்ளுகிறவர்களின் ஓரத்தில், கண்ணாடியில் பாதி மட்டும் தெரிந்தபடி, சந்தியா நின்றாள். ஒயரில் சிக்காமலிருக்க லைனில் செய்வதுபோல, கார்டை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தகரத்தில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள்.