பதினாலு வோல்ட் காட்டிய வண்டி

பைக்குக்குக் கரண்ட் வேலை பார்க்கிறவன் கடையில், வண்டி உள்ளே நுழைவதற்கு முன்னாடியே தீர்ப்பு நுழைந்துவிடும்: "பேட்டரி போயிடுச்சு, மாத்திடு." டாக்டரிடம் போய், "ஊசியை மட்டும் போடுங்க, என்ன நோய்னு பாக்காதீங்க" என்று யாராவது சொல்வார்களா? எங்களிடம் தினமும் சொல்கிறார்கள். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில், செல்வம் அண்ணன் கடையில் நாலு வருஷமாக மீட்டரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் தலையை ஆட்டிவிட்டு, கோபத்தை நட்டு போல்ட்டிடம் காட்டுகிற ஆள். இங்கே எழுத்தில் கத்தலாம் என்பதால் கத்துகிறேன். நீங்களும் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர் என்றால் கூடவே கத்துங்கள், ஆட்சேபணை இல்லை.

ஹாரன் சொன்னா சரி

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டரை வோல்ட்டாவது காட்ட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் பதினாலு பக்கத்தில் ஏற வேண்டும். ஏறினால், உள்ளே சுற்றுகிற மேக்னட் காயில் கரண்ட் கொடுக்கிறது, ரெகுலேட்டர் அதை அளந்து பேட்டரிக்கு அனுப்புகிறது என்று அர்த்தம். இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

வடக்கனந்தலில் இருந்து ஒரு வாத்தியார் வந்தார். செல்ஃப் எடுக்கவில்லை. நான் மீட்டரை எடுப்பதற்குள் ஹாரனை அழுத்திக் காட்டினார். ரோட்டில் போன மாடு திரும்பிப் பார்த்தது. ஹாரனுக்குச் சொட்டு கரண்ட் போதும், செல்ஃப் மோட்டாருக்குக் குடம் குடமாக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். மீட்டரில் பதினொன்று கூட இல்லை என்று காட்டினேன். வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை ஹாரனை அழுத்தினார்.

"இவ்ளோ சத்தமா அடிக்குது, உன் மீட்டரு இன்னாப்பா முனகுது?"

உருவிப் பார்க்கிற வைத்தியம்

வாடிக்கையாளரைச் சொல்லிவிட்டு முதலாளியை விட்டுவிட்டால் நியாயம் ஆகாது. செல்வம் அண்ணன் மீட்டரை நம்ப மாட்டார். வண்டியை ஓடவிட்டு, ஓடும்போதே பேட்டரி வயரை உருவிவிடுவார். வண்டி நிற்காமல் ஓடினால் சார்ஜ் ஆகிறது, நின்றால் ஆகவில்லை. பழைய வண்டிகளுக்கு இது ஓடியது. இப்போது வருகிற வண்டிகளில் வயரை உருவினால் கரண்ட் போக இடம் இல்லாமல் தறிகெட்டு ஏறி, எது மென்மையாக இருக்கிறதோ அதைச் சுட்டுவிடும்.

மூங்கில்துறைப்பட்டு மில்லில் வேலை செய்பவர் ஒருவர், வாங்கி மூன்று மாதம் ஆன வண்டியைக் கொண்டுவந்தார். இண்டிகேட்டர் மினுக்குவதில் ஏதோ கோளாறு, அவ்வளவுதான். நான் டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அண்ணன் வயரை உருவியிருந்தார். ஸ்பீடோமீட்டர் இருண்டுவிட்டது. ரெகுலேட்டரில் இருந்து கருகல் வாசனை. இண்டிகேட்டருக்காக வந்தவர் பஸ் ஏறி ஊருக்குப் போனார். எது எது செத்திருக்கிறது என்று பார்க்க நான் மீட்டரோடு உட்கார்ந்தேன். அண்ணன் மட்டும் நிதானமாக வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இருபது வருஷமா உருவறேன். இதுக்குத்தான் பழக்கம் பத்தலை."

கோளாறு இல்லாத வண்டி

இப்போது கோவிந்தன் கதைக்கு வருகிறேன். வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊரில் மரவள்ளி போடுகிறவர். மகள் சத்யா பன்னிரண்டாவது, கள்ளக்குறிச்சியில் படிக்கிறாள். அவர்கள் ஊருக்குக் காலை பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க ஆள் இல்லை. அதனால் தினமும் பைக்கில் இறக்கிவிடுவார். அந்தச் சிவப்பு வண்டி அடிவாரத்துக்கு வந்ததும் செத்துப்போகும். கிக்கர் கிடையாது. பெட்ரோலை ஊட்டுவதே கரண்ட் என்பதால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் முடியாது. வேறு கடைகளில் இதற்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஒருத்தர் கூட மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. செய்முறைத் தேர்வு அன்றைக்கு சத்யா அரை மணி நேரம் தாமதமாகப் போய், அழுது உள்ளே நுழைந்திருக்கிறாள். பெரிய பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கு அழுதாலும் விட மாட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கடைக்காரர்களுக்கெல்லாம் நான் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு மினி லாரிக்காரர் தன் பேட்டரியில் இருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி விட்டிருந்ததால் வண்டி ஓடித்தான் வந்திருந்தது. ஓட்டத்தில் பதினாலு புள்ளி இரண்டு. காயிலின் மூன்று மஞ்சள் வயரிலும் ஒரே அளவு கரண்ட். சாவியை எடுத்த பிறகு கரண்ட் எங்கேயும் கசியவில்லை. பேட்டரியை ஒரு நாள் முழுக்கச் சார்ஜில் போட்டு மாட்டினேன். "வண்டியில ஒரு கோளாறும் இல்லைங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சாவியை வாங்கி, செல்ஃப் பட்டனைத் தடவிப் பார்த்தார்.

"கோளாறு இல்லாத வண்டி எதுக்கு தம்பி நிக்குது?"

மறுபடியும் பதினாலு

நாலாம் நாள் மறுபடியும் வந்தார். சத்யாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஒரு டிராக்டர்காரர் வயர் கொடுக்கிற வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மறுபடியும் மீட்டர் வைத்தேன். மறுபடியும் பதினாலு புள்ளி இரண்டு.

இந்தத் தடவை எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. எதையோ மறைக்கிறார். "எக்ஸ்ட்ரா லைட் போட்டுக்கினீங்களா? போன் சார்ஜர்? சாவிய ஆன்லயே வுட்டுட்டு எங்கனா போயிடறீங்களா?" எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. பொய் சொல்கிற முகம் இல்லை அது, அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தி ஆனது. செல்வம் அண்ணன் புது பேட்டரியை எடுத்து மேஜை மேல் வைத்தார். வேண்டாம் என்றேன். நாலு வருஷத்தில் அண்ணனிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"உன் மீட்டரு பதினாலுங்குது, அந்த ஆளு தள்ளிக்கினு வந்திருக்காரு. ரெண்டு பேர்ல யார்ரா புளுகறது?"

சத்யா வாய் திறந்தாள்

சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் பரீட்சை. கோவிந்தன் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போக வந்தார். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து சத்யாவும் கூட இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்பதற்கு வேறு கேள்வி இல்லாததால் பழையதையே கேட்டேன்.

"ஓடிக்கினு இருக்கறப்பவே நின்னுடுதுங்களா?"

"ஆமா தம்பி. ஓடியாறப்பவே."

சத்யா புத்தகத்தில் இருந்து நிமிர்ந்தாள். "எங்க ஓடுதுப்பா? நீதான் மேலயே ஆஃப் பண்ணிடுறியே."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். மலை உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆனில் வைத்து, அடிவாரம் வரைக்கும் உருட்டியே இறக்குகிறார். பெட்ரோல் மிச்சம். மலையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இறங்குகிறார்களாம். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டது. கோவிந்தனுக்கு நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்றே புரியவில்லை.

"எறக்கத்துல எவன் தம்பி எஞ்சின ஓட்டுவான்?"

டேங்க் மேல் மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போனேன். பையில் ஒரு ஸ்பேர் பேட்டரி. மீட்டரை டேங்க் மேல் டேப் போட்டு ஒட்டி, வயரை சீட்டுக்கு அடியில் விட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். உச்சியில் எஞ்சின் ஓடும்போது பதினாலு. அவர் எஞ்சினை நிறுத்தியதும் பன்னிரண்டு புள்ளி ஏழு. காற்றுச் சத்தம் மட்டும். இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்குச் சுவிட்ச் கிடையாது, சாவி ஆனில் இருந்தால் எரியும். பிரேக்கில் இருந்து அவர் காலை எடுக்கவே இல்லை, பின் விளக்கும் எரிந்துகொண்டே வந்தது. வளைவுக்கு வளைவு ஹாரன். பாதி மலையில் பன்னிரண்டு. கோமுகி அணைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தபோது பதினொன்று புள்ளி ஆறு. கீழே செல்ஃபை அழுத்தினார். டக் டக் என்றது.

பேட்டரி விற்றவர்களை எல்லாம் திட்டினேனே, நான் மட்டும் என்ன கிழித்தேன்? கடை வாசலில், சமதரையில், எஞ்சினை ஓடவிட்டு இரண்டு தடவை சோதித்தேன். இவர் காலையில் இறக்கத்தில் எஞ்சினை ஓட்டுவதே இல்லை. மீட்டர் மேலும் தப்பு இல்லை, அவர் மேலும் தப்பு இல்லை.

ஸ்பேர் பேட்டரியை மாட்டி மறுபடியும் மேலே ஏறினோம். இந்தத் தடவை எஞ்சின் ஓட, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்கச் சொன்னேன். மீட்டர் பதின்மூன்றரைக்குக் கீழே வரவில்லை. இந்த மாதிரி வண்டிகளில் கியரில் இறங்கும்போது பெட்ரோலும் அநேகமாகத் தானாகவே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது என்று விளக்கினேன். பிரேக்கும் சூடாகாது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மறுபடியும் செல்ஃப் போட்டார், உடனே எடுத்தது. முகத்தில் நம்பிக்கை மட்டும் வரவில்லை.

"எஞ்சின் ஓடுமாம், பெட்ரோல் குடிக்காதாம். யார்கிட்ட வுடற தம்பி?"

திங்கட்கிழமை

அந்த ஒரு கேள்வியோடு எனக்கு ராத்திரி போனது. காயிலைச் சோதிக்கலாம், ரெகுலேட்டரைச் சோதிக்கலாம். எத்தனையோ வருஷமாக உச்சிக்கு வந்ததும் தானாகச் சாவிக்குப் போகிற கையை என்ன செய்வது? சத்யாவின் பரீட்சை அந்தக் கையில் இருந்தது. எட்டு மணிக்கே கடை வாசலுக்கு வந்துவிட்டேன். எட்டேகால். எட்டரை. ஒவ்வொரு சிவப்பு வண்டிக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். செல்வம் அண்ணன் வந்து ஷட்டரைத் தூக்கினார். எட்டே முக்காலுக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றார்கள். பரீட்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கோவிந்தன் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். ஏதோ கெட்ட காரியம் செய்து பிடிபட்டவர் மாதிரி இருந்தது அவர் முகம். வழியெல்லாம் ஓட்டிக்கொண்டுதான் வந்தாரா என்று சத்யாவிடம் கேட்டேன். பேனாவைச் சட்டைப் பையில் சரியாகச் சொருகிக்கொண்டு பதில் சொன்னாள்.

"நாலு தடவ கை சாவிகிட்ட போச்சுண்ணா. நாலு தடவயும் முதுகுல குத்துனேன்."

வண்டியைச் சோதிக்க ஒரு மீட்டர் போதும், ஓட்டுகிறவரைச் சோதிப்பதற்குத்தான் பின்சீட்டில் ஒரு மகள் தேவைப்படுகிறாள்.