தண்ணீர் விட்டவரும் வார்த்தை சொன்னவரும்

என் தங்கையின் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான் என்று ஐந்து மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தோம். கோயில் பதிவுக்காகப் பங்குத்தந்தை தந்த படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் அதில் ஒரு சிக்கல் இருப்பது தெரிந்தது. ‘ஞானஸ்நானம் கொடுத்தவர்’ என்பதற்கு எதிரே ஒரேயொரு கோடு இருந்தது. உள்ளபடி எழுதுவதென்றால் இரண்டு பேரை எழுத வேண்டும்.

பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். மூன்றாம் நாள் பிற்பகல், மூச்சு குறைகிறது, ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். தங்கை சத்திரசிகிச்சை முடிந்து வேறு வார்ட்டில் எழும்ப முடியாமல் கிடந்தாள். அவளுடைய முதற்பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. அன்றைய அவசர அந்தரத்தில் ஞானஸ்நானத்தை ஒருவரும் நினைக்கவில்லை. அதை அவள் மறக்கவேயில்லை.

“அக்கா, பாதர் வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. நீங்களே குடுங்கோ” என்றாள்.

ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பெட்டிக்குள் வெளியாட்கள் கையை விட அனுமதி இல்லை. கடமையில் இருந்த தாதி மானிப்பாயைச் சேர்ந்த சைவப் பெண்; மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்காமல், “நீங்கள் சொல்லுங்கோ அக்கா, நான் விடுறன்” என்றார். ஊசி கழற்றிய சிரிஞ்சில் சுத்தமான தண்ணீர் எடுத்து, பிள்ளையின் நெற்றியில் மூன்று முறை விட்டார். நான் பெட்டிக்கு வெளியே நின்று, “பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்” என்றேன். தண்ணீர் இடது காதுப்பக்கம் வடிந்தது. மிஸ்ஸி அதைப் பஞ்சால் ஒற்றினார். அன்று மாலையே இவ்வளவையும் என் கொப்பியில் எழுதிவைத்தேன்.

பிள்ளை பிழைத்தான். அந்தத் தண்ணீர்தான் பிழைக்க வைத்தது என்று தங்கை எங்கள் ஊர் பண்டத்தரிப்பு முழுவதும் சொல்லித் திரிந்தாள்.

படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பங்குத்தந்தை என்னைவிடப் பத்து வயது இளையவர், சிரித்துக் கதைப்பவர். படிவத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“ரெண்டு பேரோ? ஆர் தண்ணி விட்டது?”

“மிஸ்ஸி, பாதர். நான் வார்த்தையைச் சொன்னன்.”

“தண்ணி விடுறவைதான் வார்த்தையையும் சொல்லவேணும், அக்கா. ஒராள் விட, மற்றாள் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது.”

“அவ சைவம். அது பிழையில்லையோ?”

“அது பிழையில்லை. திருச்சபை செய்யிறதைச் செய்ய நினைச்சு, அவவே விட்டு அவவே சொல்லியிருந்தால் செல்லும். நீங்கள் வேலையைப் பங்கு போட்டதுதான் பிழை.” பிறகு, “அவவும் ஏதும் சொன்னவவோ எண்டு கேட்டுப் பாருங்கோ” என்றார்.

அடுத்த நாள் பஸ் எடுத்து மானிப்பாய்க்குப் போனேன். மிஸ்ஸிக்கு அன்று ஓய்வு நாள். முற்றத்தில் சீருடை காயப்போட்டுக்கொண்டிருந்தவர், நான் கேட்டதும் முகம் மாறினார்.

“சொன்னனான் அக்கா. நீங்கள் சொல்லச் சொல்ல, மாஸ்க்குக்குள்ளை நானும் சொன்னனான். நான் சொல்லக்கூடாதோ?”

“சொல்லியிருந்தால் நல்லது. கடைசிமட்டும் சொன்னனீங்களோ?”

அவர் ஈர உடுப்பைக் கையில் வைத்தபடி யோசித்தார். “தொடங்கினது நிச்சயம். இடையிலை பிள்ளையின்ரை ஒக்சிசன் இறங்கினது, நான் மெஷினைப் பாத்தன். முடிச்சனோ எண்டு தெரியேல்லை.” உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு, “முடிச்சனான் எண்டு சொன்னால் உங்களுக்கு உதவியா இருக்குமோ?” என்றார்.

இருக்கும். ஒரு ‘ஓம்’ போதும், தங்கைக்கு எதையும் சொல்ல வேண்டியிராது. ஆனால் அப்படிச் சொல்ல வைத்துவிட்டு, பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கும்போதும் அவன் கலியாணத்தின்போதும் நான் என்ன நினைப்பேன் என்று யோசித்தேன்.

“வேண்டாம் மிஸ்ஸி. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்கோ.”

“அப்ப, தெரியாது அக்கா.”

மிஸ்ஸி சொன்னதைக் கேட்டதும், நிச்சயமில்லாதபடியால் நிபந்தனையோடு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதாகப் பாதர் முடிவெடுத்தார். அதைத் தங்கையிடம் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்திருந்தவள், என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“உங்களுக்கு எல்லாத்திலையும் பிழை பிடிக்கவேணும். நான் அவ்வளவு நாளும் அந்த ஒண்டை நம்பித்தானே கிடந்தனான். இப்ப வந்து அது இல்லையெண்டு சொல்லுறியள்.”

“இல்லையெண்டு சொல்லேல்லை. தெரியாது எண்டுதான் சொல்லுறன். பிழை என்ரை.”

நான்கு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் தானாகவே பாதரிடம் போனாள். ‘நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறவில்லையென்றால்’ என்று தொடங்கித்தான் சொல்வது, முதல் கொடுத்தது உண்மையானால் அதற்கு ஒரு குறையும் வராது என்று அவர் விளங்கப்படுத்தினார்.

“அப்ப அந்த ‘இல்லையெண்டால்’ எல்லாருக்கும் கேக்கவேணும், பாதர். அதை வாய்க்குள்ளை சொல்லிப்போட்டு விடாதேங்கோ.”

“மைக்கிலை சொல்லுறன், தங்கச்சி. போதுமோ?”

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின் அவர் அப்படியே செய்தார். நிபந்தனையை மைக்கில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் ஏன் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் அவருடைய கையையும் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று முறையும் தண்ணீர் நெற்றியில் ஓடிக் கிண்ணத்தில் விழுந்தது. ஒரு வார்த்தையும் விடுபடவில்லை. பிள்ளை வீரிட்டு அழுதான்.

தங்கை அவன் தலையைத் துடைத்துக்கொண்டே, “இப்ப சரியோ?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“முதலும் சரிதான்” என்றாள்.

அது எனக்குத் தெரியாத விஷயம். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.